ஆறு கம்பிகளில் மட்டும் அரை வோல்ட் குறைவு: மேக் எஸ்இ/30-இன் ஸ்கசி தொடரைச் சரிசெய்த பதிவு

ஆப்பிளின் பழைய கம்ப்யூட்டரான மேகின்டாஷ் எஸ்இ/30 ஒன்று, அதன் உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க். பின்பக்க போர்ட்டிலிருந்து வரிசையாக ஒரு ஜிப் டிரைவ் (கழற்றி மாற்றும் வட்டுகளுக்கானது), தனிப்பெட்டியில் இன்னொரு ஹார்ட் டிஸ்க், கடைசியில் ஒரு சிடி டிரைவ். எல்லாமே ஒரே ஸ்கசி (SCSI) பஸ்ஸில், அதாவது கருவிகளைக் கம்ப்யூட்டரோடு தொடராக இணைக்கும் ஒரே பொதுக் கம்பித் தொகுப்பில். தனிப்பெட்டி டிஸ்க்கில் பழைய பக்க வடிவமைப்புக் கோப்புகளும் எழுத்துருக்களும் இருக்கின்றன. அவற்றைப் பத்திரமாக வெளியே எடுக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். ஆனால் சின்னக் கோப்புகள் ஒழுங்காக நகலாகின்றன. சில மெகாபைட்டைத் தாண்டினால் திரையில் கைக்கடிகாரக் குறி அப்படியே நின்றுவிடுகிறது. சில நேரம் ஆன் செய்தவுடனேயே ஃபிளாப்பிப் படத்தில் கேள்விக்குறி சிமிட்டத் தொடங்கிவிடும். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஏறிவிடும்.

ஸ்கசி என்றாலே ராசி இருந்தால் ஓடும் என்ற பேச்சு அந்தக் காலத்திலிருந்தே உண்டு. கேபிளை மாற்றிப் பார், கருவிகளின் வரிசையை மாற்றிப் பார், டெர்மினேட்டர் (பஸ்ஸின் முனையில் போடும் ரெசிஸ்டர் தொகுப்பு) ஒன்று கூடுதலாகச் செருகிப் பார் என்று ஆளுக்கு ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். இதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. இந்த பஸ்ஸில் நடப்பதெல்லாம் ஓம் விதிக்குள் அடங்கும் கணக்கு. ஆஸிலாஸ்கோப் வேண்டாம், சாதாரண மல்டிமீட்டர் போதும். கருவிகளை எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டு கம்பிகளை அளந்து பார்த்தால் எங்கே கோளாறு என்று பஸ்ஸே சொல்லிவிடும். இந்த மெஷினில் அது எப்படி நடந்தது என்பதை முழுவதுமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் அடிப்படை. ஷுகார்ட் அசோசியேட்ஸ் உருவாக்கிய சாஸி என்ற இணைப்புதான் ஸ்கசிக்கு மூலம். 1986-இல் ஏஎன்எஸ்ஐ என்ற அமெரிக்கத் தர அமைப்பின் தரமாக ஸ்கசி வெளிவந்தது. அதே ஆண்டு ஜனவரியில் வந்த மேகின்டாஷ் பிளஸ்தான் ஸ்கசி போர்ட்டுடன் வந்த முதல் மேக். எஸ்இ/30 வந்தது 1989 ஜனவரியில். இந்தத் தலைமுறைக் கருவிகள் எல்லாம் 8 பிட் ஒற்றைமுனை ஸ்கசி, அதாவது ஒவ்வொரு சிக்னலும் கிரவுண்டை ஒப்பிட்டு ஒரே கம்பியில் போகும். சிக்னல் கம்பிகள் மொத்தம் 18: தரவுக்கு 8, பிழை பார்க்கும் பாரிட்டிக்கு 1, கட்டுப்பாட்டுக்கு 9.

இந்தப் பதினெட்டும் இயங்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எந்தக் கருவியும் கம்பியை மேல் வோல்டேஜுக்குத் தள்ளுவதில்லை. ஒரு கருவி பேச வேண்டும் என்றால் கம்பியைக் கீழே, அதாவது கிரவுண்டை நோக்கி இழுக்கும். பேசி முடித்ததும் கையை விட்டுவிடும். அப்போது கம்பியை மறுபடி மேலே தூக்குவது யார்? டெர்மினேட்டர்தான். அதற்குள் ஒவ்வொரு சிக்னலுக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள் இருக்கும். 220 ஓம் ரெசிஸ்டர் சிக்னலிலிருந்து டெர்ம்பவர் என்ற 5 வோல்ட் கம்பிக்குப் போகும். 330 ஓம் ரெசிஸ்டர் சிக்னலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும். யாரும் இழுக்காதபோது கம்பி சரியாக 3 வோல்ட்டில் நிற்கும்.

இரண்டாவது வேலை எதிரொலியை அடக்குவது. வாய்க்காலின் கடைமடையை அடைத்தால் தண்ணீர் முட்டி எதிர்த்து வருகிறதல்லவா, அதுபோலத்தான் திறந்த முனையில் மோதும் சிக்னலும் திரும்பி வருகிறது. திரும்பி வருவது ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் சிக்னலோடு கலந்தால், அடுத்த பைட்டுக்கு அழைக்கும் ரெக் என்ற கட்டுப்பாட்டுக் கம்பியின் ஒரே ஒரு துடிப்பை எதிர்ப்பக்கக் கருவி இரண்டாக எண்ணிவிடும். அப்புறம் ஒரு பைட் கூடும் அல்லது குறையும், இரு பக்கமும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு நின்றுவிடும். 220-உம் 330-உம் சேர்ந்து 132 ஓம் மதிப்பைத் தருகின்றன. கேபிளின் சொந்த மின்மறுப்புக்கு (இம்பீடன்ஸ்) அது ஓரளவு பக்கத்தில் இருப்பதால் முனைக்கு வரும் சிக்னலில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும்.

ஆகவே டெர்மினேட்டர் பஸ்ஸின் இரண்டு கோடிகளிலும் வேண்டும். நடுவில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கோடி என்பது கம்பியின் கோடி. கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஸ்இ/30-இல் உள் டிஸ்க் ஒரு கோடி. அங்கிருந்து ரிப்பன் கேபிள் போர்டுக்கு வந்து, போர்டைத் தாண்டிப் பின்பக்க 25 பின் போர்ட் வழியாக வெளியே போகிறது. ஐடி (பஸ்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) 7 கொண்ட மெஷின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. உள் டிஸ்க்கில் ஒரு டெர்மினேட்டர், வெளியே கடைசிக் கருவியில் இன்னொன்று, அவ்வளவுதான்.

கூடுதலாக ஒன்று இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு. கம்பியை 0.5 வோல்ட்டுக்கு இழுக்கும்போது ஒவ்வொரு டெர்மினேட்டரிலிருந்தும் சுமார் 19 மில்லிஆம்பியர் வரும். இரண்டு இருந்தால் 38. மெஷினில் ஸ்கசியை இயக்கும் 5380 வகை சிப் 48 மில்லிஆம்பியர் வரை உறிஞ்சும்படி வடிவமைக்கப்பட்டது. மூன்றாவதைச் செருகினால் 57 ஆகிவிடும். சிப் உடனே புகைந்துவிடாது. ஆனால் கம்பி முழுதாகக் கீழே இறங்காது. 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் அது கீழ்நிலை என்று எதிர்ப்பக்கம் நிச்சயமாக எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியை நாமே வீணாகக் கரைக்கிறோம்.

சரி, மேஜைக்கு வருவோம்.

ஐடி எண்களில் சிக்கல் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டேன். உள் டிஸ்க் 0, சிடி டிரைவ் 3, தனிப்பெட்டி டிஸ்க் 4, ஜிப் 5. ஜிப் டிரைவில் 5, 6 இரண்டைத் தவிர வேறு எண் வைக்க முடியாது. மற்றவற்றை அதற்கு ஏற்றபடிதான் அமைக்க வேண்டும். ஸ்கசிபுரோப் மென்பொருளில் நான்கும் அவற்றின் பெயரோடு வந்தன. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டியலில் பெயர் வந்துவிட்டதே, பஸ் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெயரைக் கேட்டு வாங்குவது சில பத்து பைட்டுகள் சமாச்சாரம். அரைகுறை டெர்மினேஷனிலும் அது ஓடிவிடும். தொடர்ந்து மெகாபைட் கணக்கில் படிக்கும்போதுதான் பஸ்ஸின் உண்மை நிலை தெரியும்.

கேபிள்களையும் பார்த்தேன். மேக்கின் 25 பின் ஸ்கசி இணைப்பும் பிசியின் பிரின்டர் போர்ட்டும் பார்வைக்கு அச்சாக ஒன்றே. ஜிப் டிரைவே ஸ்கசி வடிவிலும் பிரின்டர் போர்ட் வடிவிலும் விற்பனைக்கு வந்தது. இரண்டும் மின்சார ரீதியில் முற்றிலும் வேறு, ஒன்றின் போர்ட்டில் மற்றதைச் செருகவே கூடாது. கேபிள் விஷயமும் அப்படித்தான். பிரின்டர் ஸ்விட்ச் பெட்டிக்கு என்று விற்ற ஒல்லியான 25 கம்பிக் கேபிள் இதில் நன்றாகவே பொருந்தும், அதனாலேயே ஆபத்து. 25 பின் இணைப்பில் 18 சிக்னல், ஒரு டெர்ம்பவர் போக கிரவுண்டுக்கு மிஞ்சுவது 6 பின்கள்தான். அதற்குள்ளும் மட்டமான கேபிளில் கிரவுண்டுகளை ஒரே கம்பியாகச் சேர்த்திருப்பார்கள், அல்லது டெர்ம்பவருக்குக் கம்பியே இருக்காது. கையிலிருந்த ஒவ்வொரு கேபிளையும் பின்னுக்குப் பின் மீட்டரில் சத்தம் கேட்டுச் சரிபார்த்தேன். தடிமனாக, உள்ளே முறுக்கிய ஜோடிக் கம்பிகளும் மேலே வலையும் கொண்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மொத்த நீளம், பெட்டிகளுக்குள் ஓடும் ரிப்பனையும் சேர்த்து, 4 மீட்டருக்குள் வந்தது. இந்த வேகத்துக்கு 6 மீட்டர் வரை அனுமதி உண்டு. 10 மெகாபைட் வேக ஃபாஸ்ட் ஸ்கசி என்றால் அது 3 மீட்டராகச் சுருங்கிவிடும். உள் ரிப்பனைச் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது ஓம் சோதனை. எல்லாக் கருவிகளின் மின் வயரையும் கழற்றிவிட்டு, கேபிள்களை மட்டும் இணைத்தபடி வைத்து, ஒரு சிக்னல் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். 330-உம் 220-உம் எப்படி அமைந்திருக்கின்றன என்று யோசித்தால் வரவேண்டிய எண் தெரிந்துவிடும். சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு 330 ஓம் நேர்வழி. இன்னொரு வழி, 220 ஓம் வழியாக டெர்ம்பவருக்குப் போய், அங்கிருந்து மற்ற 17 சிக்னல்களின் ரெசிஸ்டர்கள் வழியாகக் கிரவுண்டுக்கு இறங்குவது. அந்தப் பதினேழு ஜோடிகளும் பக்க இணைப்பில் சேர்ந்து வெறும் 32 ஓம். ஆக 252-உம் 330-உம் பக்க இணைப்பில் சேர்ந்தால் 143 ஓம். ஒரு டெர்மினேட்டர் என்றால் 143, இரண்டு என்றால் அதில் பாதி, சுமார் 71, மூன்று என்றால் 48. பழைய ரெசிஸ்டர் வகை டெர்மினேட்டருக்குத்தான் இந்தக் கணக்கு. ரெகுலேட்டர் வைத்த ஆக்டிவ் டெர்மினேட்டரை மின்சாரம் இல்லாமல் அளந்தால் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

இதைச் செய்ய தனிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டேன். மேக்கைத் திறப்பதைவிட இதுதான் நல்லது. அதற்குள் பிக்சர் டியூப் இருக்கிறது, தேவையில்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். பெட்டிக்குள் ஓடும் 50 கம்பி ரிப்பனில் கூடுதலாக ஒரு கனெக்டரை அழுத்திப் பொருத்தி, அதில் ஒரு 50 பின் ஹெட்டரைச் செருகினேன். மீட்டரின் ஊசி முனையை வைக்க வசதியான இடம் கிடைத்துவிட்டது. ரிப்பனில் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் கிரவுண்ட் வரிசை, இரட்டைப்படை சிக்னல். 2 முதல் 16 வரை தரவு, 18 பாரிட்டி, 26 டெர்ம்பவர், 32 முதல் 50 வரை கட்டுப்பாடு, நடுவில் 34 மட்டும் கிரவுண்ட். பின்பக்க பெரிய சென்ட்ரானிக்ஸ் கனெக்டரில் எண்ணும் முறை வேறு. அங்கே டெர்ம்பவர் 38ஆம் பின்.

ரிப்பனின் 25ஆம் பின்னை மட்டும் கிரவுண்டோடு சேர்க்காமல் வெறுமனே விட்டிருக்கிறார்கள். கனெக்டரைத் தலைகீழாகச் செருகினால் 26ஆம் பின் இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்பது 25. அது கிரவுண்டாக இருந்தால் டெர்ம்பவர் நேரே ஷார்ட் ஆகிவிடும். வெறுமனே இருப்பதால் ஒன்றும் ஆகாது. இந்தத் தரத்தை எழுதியவர்கள் மீது எனக்கு மரியாதை வரக் காரணமான இடம் இது.

மீட்டர் காட்டியது 48 ஓம். அதாவது மூன்று டெர்மினேட்டர். கடைசி சிடி டிரைவில் செருகிய டெர்மினேட்டர் ஒன்று, மேக்கின் உள் டிஸ்க்கில் ஒன்று, இரண்டும் எதிர்பார்த்தவை. ஜிப்பின் டெர்மினேஷன் ஸ்விட்ச் ஆஃபில்தான் இருந்தது. மூன்றாவது, கண்முன்னே திறந்து கிடந்த தனிப்பெட்டி டிஸ்க்கிலேயே இருந்தது. அதன் போர்டில், ரிப்பன் கனெக்டருக்குப் பக்கத்தில், 8 கால் கொண்ட மஞ்சள் ரெசிஸ்டர் பேக் மூன்று வரிசையாகச் சாக்கெட்டில் நின்றன. ஒரு பேக்குக்கு ஆறு சிக்னல், மீதி இரண்டு கால்கள் டெர்ம்பவருக்கும் கிரவுண்டுக்கும். மூன்று பேக், பதினெட்டு சிக்னல். ஒருகாலத்தில் இந்த டிஸ்க் ஏதோ கம்ப்யூட்டருக்குள் கடைசிக் கருவியாக இருந்திருக்க வேண்டும். அதைப் பெட்டிக்கு மாற்றியவர்கள் பேக்குகளைக் கழற்றவில்லை.

இவற்றைக் கழற்றும்போது அவசரம் கூடாது. ஒரு பக்கமாக இழுத்தால் கால் வளைந்து ஒடியும். தட்டையான சின்ன ஸ்க்ரூடிரைவரை அடியில் விட்டு, இரு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். கழற்றிய மூன்றையும் ஆன்டிஸ்டேடிக் ஸ்பாஞ்சில் குத்தி, பெட்டிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டி வைத்தேன். அடுத்து இதைத் திறப்பவருக்குத் தேவைப்படும்.

மறுபடி அளந்தேன். 71 ஓம், எல்லாச் சிக்னலிலும் ஏறக்குறைய அதே எண். பாடப்புத்தகப்படி பஸ் சரி. ஆன் செய்து பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தேன். முன்பைவிட நெடுநேரம் ஓடியது. பிறகு அதே கைக்கடிகாரம், அதே முடக்கம்.

இங்கேதான் டிஸ்க்கே கெட்டுவிட்டது என்று ஒதுக்கி வைக்கத் தோன்றும். வயதான டிஸ்க், போனால் போகிறது என்று. ஆனால் டிஸ்க்கின் சத்தம் சீராக இருந்தது, படிக்க முடியாமல் தலை திரும்பத் திரும்பத் தட்டும் ஒலி இல்லை. கெட்ட செக்டார் என்றால் ஒரே கோப்பின் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. ஆகவே பஸ்ஸை விட்டு நகரவில்லை. மின்சாரம் கொடுத்து வோல்டேஜை அளக்க முடிவு செய்தேன்.

வெளிக்கருவிகளை முதலில் ஆன் செய்து, அவை தயாரானதும் மேக்கை ஆன் செய்து, டெஸ்க்டாப் வந்து டிஸ்க் எதுவும் ஓடாமல் அமைதியான பிறகு அளக்க வேண்டும். அப்போது எல்லாக் கருவியும் கம்பிகளை விட்டிருக்கும். மீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில். முதலில் 26ஆம் பின்: 4.7 வோல்ட். ஒவ்வொரு கருவியும் டெர்ம்பவரை ஒரு டையோடு வழியாகத்தான் கொடுக்க வேண்டும், அதனால் 5-ஐவிடச் சற்றுக் குறைவது நியாயம். குறைந்தபட்சம் 4.25 இருக்க வேண்டும் என்பது ஸ்கசி-2 தரத்தின் கணக்கு. இந்த இடத்தில் மேகின்டாஷ் பிளஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மெஷின் டெர்ம்பவர் கொடுப்பதே இல்லை. வெளிக்கருவி ஏதாவது ஒன்று கொடுத்தால்தான் உண்டு. கொடுக்கும் கருவி அணைந்திருந்தால் டெர்மினேட்டர் செருகியிருந்தும் பயனில்லை. டெர்ம்பவர் வருகிறதா என்று மீட்டர் இல்லாமலும் தெரிந்துகொள்ளலாம். ரெசிஸ்டர் வகை டெர்மினேட்டர் சும்மா இருக்கும்போதே 150 மில்லிஆம்பியர் அளவுக்கு எடுக்கும், முக்கால் வாட் வெப்பம் வரும். கொஞ்ச நேரம் ஓடிய பிறகு தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். இது சூடாகத்தான் இருந்தது.

அப்புறம் சிக்னல்கள் ஒவ்வொன்றாக. 4.7-இல் ஐந்தில் மூன்று பங்கு 2.82. அந்த எண்தான் பதினெட்டிலும் வர வேண்டும். 50ஆம் பின்னிலிருந்து தொடங்கிக் கீழே வந்தேன். 2.81, 2.82, 2.81 என்று கட்டுப்பாட்டுக் கம்பிகள் அனைத்தும் சரி. பாரிட்டி சரி. 16, 14 சரி. 12ஆம் பின்னில் ஊசியை வைத்தேன்: 2.35. தொடர்பு சரியில்லையோ என்று அழுத்திப் பிடித்தேன், அதே 2.35. 10, 8, 6, 4, 2 எல்லாவற்றிலும் அதே.

பூஜ்ஜியம் முதல் ஐந்து வரையான ஆறு தரவுக் கம்பிகள். ஆறு என்ற எண்ணைப் பார்த்தவுடன் பிடிபட்டுவிட்டது. ஒரு ரெசிஸ்டர் பேக்குக்கு ஆறு சிக்னல். கேபிள் கோளாறோ சிப் கோளாறோ இவ்வளவு ஒழுங்காக அடுத்தடுத்து ஆறு கம்பிகளைத் தேர்ந்தெடுக்காது.

கணக்கும் ஒத்துப்போனது. பேக்கைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? டெர்ம்பவர் காலும் கிரவுண்ட் காலும் இடம் மாறும். நடுவிலுள்ள ஆறு கால்களும் ஒரே மாதிரி என்பதால் அவற்றில் மாற்றம் தெரியாது. 220 ஓம் கிரவுண்டுக்குப் போய்விடும், 330 ஓம் டெர்ம்பவருக்குப் போய்விடும். அந்த டெர்மினேட்டர் தனியாக இருந்தால் கம்பி 4.7-இல் ஐந்தில் இரண்டு பங்கான 1.88 வோல்ட்டில் நிற்கும். மறு கோடியில் சரியான டெர்மினேட்டர் 2.82-க்கு இழுக்கிறது. இரண்டின் உள்மதிப்பும் 132 ஓம், சம பலம். ஆக நேர் நடுவில், 2.35. மீட்டர் காட்டியது அப்படியே.

ஓம் சோதனையில் இது ஏன் அகப்படவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. 220-உம் 330-உம் இடம் மாறினாலும் மொத்த மின்தடை பெரிதாக மாறுவதில்லை. 71.5 வரவேண்டிய இடத்தில் 70 வரும். பழைய ரெசிஸ்டர்களின் ஏற்ற இறக்கத்திலேயே அந்த வித்தியாசம் மறைந்துவிடும். டெர்மினேட்டர்கள் எத்தனை என்று ஓம் சோதனை சொல்லும், அவை சரியாக வேலை செய்கின்றனவா என்று வோல்ட் சோதனைதான் சொல்லும். இரண்டையும் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

2.35 இருந்தால் என்ன, 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் மேல்நிலைதானே என்று தோன்றலாம். அமைதியாக இருக்கும்போது சரிதான், அதனால்தான் சின்னக் கோப்புகள் தப்பித்தன. ஆனால் கருவி கம்பியை விடும்போது அது ஒரே பாய்ச்சலில் மேலே போவதில்லை. முதலில் ஒரு படி ஏறி, எதிரொலிகள் அடங்கிய பிறகுதான் இறுதி உயரத்துக்கு வருகிறது. இறுதி உயரம் 2.82 என்றால் நடுவில் குலுங்கினாலும் 2-க்கு மேலே நிற்க 0.8 வோல்ட் இடம் உண்டு. 2.35 என்றால் 0.35 மட்டுமே. பக்கத்துக் கம்பிகளின் சலசலப்பு, கனெக்டரின் துரு, கொஞ்சம் கூடுதல் கேபிள், இவை அந்த இடத்தைத் தின்றுவிடும். அந்த அரை வோல்ட்தான் இந்தத் தொடரை இத்தனை நாள் ராசிக்காரனாக ஆக்கி வைத்திருந்தது.

எந்தக் கோடி என்று பார்ப்பது சுலபம். எல்லாவற்றையும் அணைத்து, மேக்கிலிருந்து வெளிக்கேபிளைக் கழற்றி, வெளித்தொடரை மட்டும் ஆன் செய்தேன். தனிப்பெட்டி டிஸ்க் டெர்ம்பவர் கொடுக்கிறது, சிடி முனையில் டெர்மினேட்டர் இருக்கிறது. பதினெட்டும் ஒரே எண்ணில் நின்றன. வெளி டெர்மினேட்டர் குற்றமற்றது. எனவே மேக்குக்குள் இருக்கும் டிஸ்க்தான்.

இப்போது திறந்தே ஆக வேண்டும். நீளக் கழுத்து டி15 டார்க்ஸ் டிரைவர் இல்லாமல் இந்தப் பெட்டியின் மேல் திருகாணிகளை எட்ட முடியாது. திறந்தவுடன் கையை உள்ளே விடக் கூடாது. பிக்சர் டியூபின் ஆனோடில் உயர் அழுத்தம் தேங்கி நிற்கலாம்; முறைப்படி டிஸ்சார்ஜ் செய்த பிறகே அடுத்த வேலை. ஒரு கை மட்டும் வேலை செய்யட்டும், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வைத்துவிட வேண்டும். இந்த வேலை பழக்கமில்லாதவர்கள் பழகிய ஒருவரைக் கூட வைத்துக்கொள்வதே நல்லது.

டிஸ்க்கைத் தாங்கியோடு வெளியே எடுத்துப் போர்டைத் திருப்பினேன். கனெக்டருக்குப் பக்கத்தில் மூன்று பேக்குகள். ஒவ்வொன்றின் ஒரு ஓரத்திலும் முதல் காலைக் காட்டும் சிறிய புள்ளி. போர்டில் அதற்கு நேரே சதுர வடிவப் பற்றவைப்புத் தடம். இரண்டு பேக்குகளில் புள்ளி சதுரத்தின் பக்கம். மூன்றாவதில் புள்ளி எதிர் ஓரத்தில். அச்சு மங்கியிருந்ததால் சாதாரண வெளிச்சத்தில் தெரியவில்லை, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. இந்த டிஸ்க் வந்தது ஒரு பழைய சாமான் விற்பனையாளரிடமிருந்து. எப்போதோ யாரோ பேக்குகளைக் கழற்றி வைத்திருந்து, திரும்பப் போடும்போது ஒன்று மட்டும் திரும்பிவிட்டிருக்கிறது.

தூக்கி, திருப்பி, அழுத்திச் செருகினேன். கால்களை முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துக்கொண்டேன். சாக்கெட்டில் பழுப்புப் படிவு இருந்தது, அதையும் சுத்தம் செய்தேன். மூடுவதற்கு முன்பே தொடரை இணைத்து மறுபடி பதினெட்டையும் அளந்தேன். 2 முதல் 12 வரை இப்போது 2.81, 2.82. ஓம் அளவு முன்பு போலவே 71.

நகலெடுப்பு இந்தத் தடவை ஒரே மூச்சில் ஓடி முடிந்தது. ஆனால் முடங்கவில்லை என்பது மட்டும் எனக்குப் போதாது. இத்தனை காலம் ஆறு தரவுக் கம்பிகள் தள்ளாடிக்கொண்டிருந்தன, படித்தது சரியாகப் படித்ததா என்று தெரிய வேண்டும். ஆகவே தனிப்பெட்டி டிஸ்க் முழுவதையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரே கோப்பாக, இரண்டு முறை தனித்தனியாக எடுத்து, புதிய கம்ப்யூட்டரில் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டேன். ஒன்றாக இருந்தன. கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்காமல் டிஸ்க் இமேஜாக எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கால மேக் எழுத்துருக்களின் உயிர், ரிசோர்ஸ் ஃபோர்க் என்ற, கோப்போடு ஒட்டிய தனிப் பகுதியில் இருக்கிறது. அப்படியே டாஸ் வடிவப் பென்டிரைவுக்கு இழுத்துப் போட்டால் பூஜ்ஜிய பைட் கோப்புதான் மிஞ்சும். இமேஜுக்குள் இருந்தால் எதுவும் உதிராது.

இமேஜ் கைக்கு வந்த பிறகு உள் டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது எஸ்டி கார்டை ஹார்ட் டிஸ்க்காகக் காட்டும் புளூஸ்கசி போர்டு இருக்கிறது. அதன் டெர்மினேஷனை ஆன் செய்து வைத்தேன். பஸ்ஸின் கோடி மாறவில்லை, அங்கே உட்காரும் கருவிதான் மாறியிருக்கிறது. புதிய கருவியைப் போடும்போது பலரும் தவறவிடுவது இதைத்தான். பழைய டிஸ்க்கைக் கழற்றியவுடன் அதன் டெர்மினேட்டரும் போய்விடுகிறது.

வெளிமுனையில் இருந்த ரெசிஸ்டர் வகை டெர்மினேட்டரை எடுத்துவிட்டு ஆக்டிவ் டெர்மினேட்டர் போட்டிருக்கிறேன். அதில் ரெகுலேட்டர் 2.85 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு சிக்னலுக்கும் 110 ஓம். டெர்ம்பவர் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் சிக்னல் நகராது, கேபிளின் மின்மறுப்புக்கும் இன்னும் நெருக்கமான பொருத்தம். ஒரு கோடியில் ரெசிஸ்டர் வகை, மறு கோடியில் ஆக்டிவ் என்று கலந்து வைப்பதிலும் தவறில்லை. வாங்குபவர்கள் மேகின்டாஷ் ஐஐஎஃப்எக்ஸுக்கு என்று வந்த கறுப்பு டெர்மினேட்டரை மட்டும் தெரிந்து வாங்குங்கள். அது அந்த மெஷினுக்கென்று தனியாகச் செய்தது.

தனிப்பெட்டியின் உள் ரிப்பனில் அளப்பதற்காகப் பொருத்திய கனெக்டரை அகற்றவில்லை. ரிப்பனிலேயே நேராக அழுத்தியது என்பதால் கிளைக் கம்பி நீளம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 10 சென்டிமீட்டர் வரை அனுமதி இருக்கிறது. அடுத்து இந்தத் தொடரில் ஒரு பிளாட்பெட் ஸ்கேனரைச் சேர்க்க வேண்டும். அதன் டெர்மினேஷன் உள்ளேயே நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டது, எடுக்க வழியில்லை. ஆகவே அது சிடி டிரைவுக்கு அப்பால், கடைசி இடத்தில்தான் நிற்க முடியும். சிடி டிரைவில் இருக்கும் ஆக்டிவ் டெர்மினேட்டரை அப்போது கழற்ற வேண்டும். ஐடி 2 காலியாக இருக்கிறது.